பைக் டயரை வீட்டில் மாற்றும்போது எங்கே சிக்கும், ஏன் சிக்கும், எப்படி எடுப்பது

ரிம்மில் உட்காரும் டயரின் உள்விளிம்புதான் பீடிங். அதற்குள் ஓடுவது எஃகுக் கம்பி. இழுத்தாலும் நீளாது, மிதித்தாலும் நீளாது. ரிம் விளிம்பைவிடச் சின்ன வட்டமான அந்தப் பீடிங் பிறகு எப்படி விளிம்பைத் தாண்டுகிறது? டயர் இல்லாத ரிம்மைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் பீடிங் உட்காரும் திட்டு, நடுவில் ஒரு பள்ளம். பீடிங்கின் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்தில் இறக்கினால், நேர் எதிர்ப்பக்கத்தில் விளிம்பைத் தாண்டத் தேவையான இடம் கிடைத்துவிடும். பஞ்சர் கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் முடிக்கும் வேலைக்கு நாம் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவது கைப்பலம் போதாமல் அல்ல, அந்தப் பள்ளத்தைப் பயன்படுத்தாமல். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு இதுதான் மூலம்.

இங்கே சொல்வதெல்லாம் இரண்டு வகைச் சக்கரத்துக்கு. ஒன்று, பழைய ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் வரும் 2.75-18 டியூப் டயர். மற்றது, பல்சர் 150 போன்றவற்றின் அலாய் ரிம்மில் வரும் 100/90-17 டியூப்லெஸ். 140 மி.மீ.க்கு மேற்பட்ட அகலத்தில் வரும் ரேடியல் டயரைக் கையால் போடவே முடியாது என்றில்லை. ஆனால் அதன் பக்கச்சுவர் மரக்கட்டை மாதிரி இருக்கும். ரிம் பெயின்ட் உரிந்து, முழங்கை உரிந்து மிச்சப்படுத்தும் காசு அதற்குத் தகாது. அதை மிஷின் உள்ள கடைக்கு விட்டுவிடுங்கள். முதன்முதலில் பழகுபவர் டியூப் டயரில், அதுவும் முன்சக்கரத்தில் பழகுவது நல்லது. செயின் தொல்லை இல்லை.

தேவையானவை: நுனி கரண்டி போல் தட்டையாக வளைந்த டயர் லிவர் மூன்று, ஒவ்வொன்றும் 10 முதல் 12 அங்குலம். இரண்டு போதும், மூன்று இருந்தால் நிம்மதி. ஸ்குரூ டிரைவர் வேண்டவே வேண்டாம், அதன் முனை டியூபைக் கிழிக்கவென்றே செய்தது போலிருக்கும். அலாய் ரிம் என்றால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பழைய ஹோஸை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, நீளவாக்கில் பிளந்து, ரிம் விளிம்பில் மாட்டிக்கொள்ளுங்கள். வால்வு பின் (வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் சின்ன ஊசி) கழற்றும் சாவி, நம்பகமான காற்று மீட்டர், ஒரு குவளை சோப்புத் தண்ணீர், பெயின்ட் அடிக்கும் பிரஷ். சக்கரத்தைத் தரையில் வைக்காமல் பழைய கார் டயர் ஒன்றின் மேல் வைத்தால் டிஸ்க்கும் ஹப்பும் தரையில் இடிக்காது.

சோப்புக்குப் பதிலாக எஞ்சின் ஆயில், கிரீஸ், டீசல் எதையும் தடவாதீர்கள். ஏறும்போது சுலபமாகத்தான் இருக்கும். பிறகு ரப்பரை அரிக்கும், காயாது. பிரேக் பிடிக்கையில் ரிம் ஒரு பக்கம் சுற்ற டயர் இன்னொரு பக்கம் வழுக்கும். சோப்புத் தண்ணீர் காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும் என்பதே அதன் சிறப்பு.

“புது டயர் இதே சைஸ்தானே, அப்புறம் என்ன?”

பொருத்திய பிறகு தெரியவரும் தவறு இது. ஆகவே லிவரைத் தொடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பழைய ஸ்ப்ளெண்டரில் முன்னாலும் பின்னாலும் 2.75-18 தான். ஆனால் முன்டயரில் 42 பி, பின்டயரில் 48 பி என்று இருக்கும். 42 என்றால் அந்த டயர் தாங்கும் சுமை 150 கிலோ, 48 என்றால் 180 கிலோ. கடையில் அவசரத்தில் முன்டயரையே பின்னுக்கும் கொடுத்துவிடுவதுண்டு. இரண்டு பேரும் ஒரு அரிசி மூட்டையும் ஏறினால் வித்தியாசம் தெரியும். பி என்ற எழுத்து வேகத்துக்கு: மணிக்கு 150 கி.மீ.

பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. மூன்று வருடம் கடை வெயிலில் தொங்கிய டயரைப் ‘புதுசு’ என்று வாங்காதீர்கள். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியைச் சாக்பீஸால் பெரிதாக வரைந்துகொள்ளுங்கள். டயரை உள்ளே தள்ளிய பிறகு தலைகீழாகப் போட்டது தெரிந்தால் மொத்த வேலையும் மறுபடி. சில டயர்களில் முன்சக்கரத்துக்கு ஒரு அம்பு, பின்சக்கரத்துக்கு எதிர்த்திசையில் இன்னொரு அம்பு இருக்கும். எழுத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

“ஆக்சில் வெளியே வரமாட்டேங்குது”

நட்டைக் கழற்றிவிட்டு நேராகச் சுத்தியலால் ஆக்சில் நுனியில் அடித்தால் மரை நசுங்கும், பிறகு நட்டு ஏறாது. நட்டை மறுபடி ஆக்சில் முனையோடு சமமாக வரும்வரை திருகி, மேலே மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். அசைந்ததும் நட்டை எடுத்துவிட்டு ஒரு நீளக் கம்பியால் தள்ளுங்கள். துரு பிடித்திருந்தால் துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ஒரு மணி நேரம் விடுங்கள். ஆக்சிலில் சக்கரத்தின் எடை தொங்கினாலும் வராது. சக்கரத்தின் அடியில் காலை வைத்துச் சற்றே தூக்கினாலே பல நேரம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

சக்கரம் கீழே இறங்கும்போது இரு பக்க ஸ்பேசர்களும் (ஆக்சிலில் கோத்திருக்கும் குழாய்த்துண்டுகள்) விழும். எது வலது, எது இடது என்று விழுவதற்கு முன்பே கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். நம்மூர் கம்யூட்டர் வண்டிகள் பலவற்றில் பின்ஸ்ப்ராக்கெட்டை ஸ்விங் ஆர்மோடு பிடித்து வைக்க ஒரு ஸ்லீவ் நட்டு உண்டு. அதைத் தொடாவிட்டால் செயின் இருந்த இடத்திலேயே இருக்கும், சக்கரம் மட்டும் தனியாக வரும். செயின் அட்ஜஸ்டரையும் தொடவேண்டிய அவசியம் இராது.

“மிதி மிதின்னு மிதிச்சும் பீடிங் ரிம்மை விட்டு இறங்கல”

முதலில் வால்வு பின்னை முழுதாகக் கழற்றியிருக்கிறீர்களா? காற்று போனது போல் தோன்றும், உள்ளே 3, 4 பி.எஸ்.ஐ. மிச்சமிருக்கும், அதுவே பீடிங்கைத் தள்ளிக்கொண்டிருக்கும். பின் வெளியே இருந்தும் இறங்கவில்லை என்றால் பிசின் போல் ஒட்டியிருக்கிறது என்று பொருள். டியூப்லெஸ்ஸில் இது சகஜம்.

இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டுதான் வீட்டில் கிடைக்கும் நல்ல பிரஸ். சக்கரத்தைப் படுக்கவைத்து, டயரின் பக்கச்சுவர்மேல், ரிம் விளிம்பை ஒட்டி ஒரு சின்னப் பலகைத்துண்டு வைத்து, அதன்மேல் சைடு ஸ்டாண்ட் நுனி நிற்குமாறு வண்டியைச் சாய்க்க வேண்டும். சாய்ப்பவர் ஹேண்டிலை விடக் கூடாது, பக்கத்தில் இன்னொருவர் இருக்கட்டும். ஸ்டாண்ட் ரிம்மின்மேலோ டிஸ்க்கின்மேலோ பட்டால் சக்கரம் போச்சு. பட்டென்று இறங்கியதும் அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரை விட்டு, ஒரு சாண் தள்ளி மறுபடி. இரண்டு பக்கப் பீடிங்கும் சுற்றிலும் இறங்கிய பிறகே லிவர் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறக்கிவிட்டு லிவர் போடுவது, அந்தப் பள்ளத்தைப் பாதி அடைத்துவிட்டு இடம் தேடுவது.

பெஞ்ச் வைஸ் உள்ளவர்கள் டயரை அதன் தாடைக்குள் நுழைத்து இறுக்கலாம். அதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது.

“லிவர் வளையுது, கடைசி ஒரு சாண் மட்டும் ஏறவே மாட்டேங்குது”

இதுதான் பெரும்பாலோர் சோர்ந்துபோகும் இடம். முக்கால் வட்டம் வெண்ணெயாக ஏறிவிடும். கடைசி ஒரு சாணில் பீடிங் வில்லின் நாண் போல விறைத்து நிற்கும். உடனே கை நீளமான கம்பியைத் தேடும். அங்கேயே நிறுத்துங்கள். கம்பி பெரிதானால் பீடிங் கம்பி அறும், அல்லது ரிம் விளிம்பு மடங்கும். பீடிங் அறுந்த டயர் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். ஓடும்போதுதான் பிதுங்கும்.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். நீங்கள் லிவர் போடும் இடம் கடிகாரத்தில் 12 என்றால், 6இல் பீடிங் எங்கே இருக்கிறது? அனேகமாக ரிம் ஓரத்துத் திட்டின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அங்கே முழங்காலை ஊன்றி, 5, 6, 7 மூன்று இடத்திலும் பக்கச்சுவரை உள்நோக்கி அழுத்துங்கள். பீடிங் பள்ளத்துக்குள் விழுவது கைக்குத் தெரியும். அழுத்திய காலை எடுக்காமல் 12இல் பீடிங்கைத் தொட்டுப் பாருங்கள், நாண் தளர்ந்திருக்கும். அந்தத் தளர்ச்சி ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். அதற்கு மேல் தேவையே இல்லை.

பிறகு லிவர். ஒரே கடியில் ஒரு சாண் எடுக்காமல் இரண்டு விரல் அகலமாகக் கடியுங்கள். நுனி பீடிங்கைக் கொக்கிபோட்டுப் பிடித்தால் போதும், அதற்கு மேல் உள்ளே நுழைக்க வேண்டாம். பீடிங்கின்மேலும் ரிம் விளிம்பின்மேலும் சோப்பு ஈரம் இருக்கிறதா என்று இடையிடையே பாருங்கள். நம்மூர் வெயிலில் இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும். வெயில் வேறொரு வகையில் உதவும்: வேலை ஆரம்பிக்கும் முன் புது டயரை அரை மணி நேரம் மொட்டை மாடி வெயிலில் வைத்தால் பக்கச்சுவர் இளகிக் கைக்கு வளைந்துகொடுக்கும். மழைக்காலக் காலையில் அதே டயர் அடம்பிடிக்கும்.

டியூப் டயரில் கடைசிக் கடி வால்வு இருக்கும் இடத்தில் வரட்டும். காரணம் மறுபடி பள்ளம்தான். வால்வும் அதன் அடித்தடிப்பும் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அங்கே பீடிங் இறங்காது. ஆகவே வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆரம்பித்து, இரு பக்கமும் சமமாக வந்து, வால்வில் முடிக்க வேண்டும். கழற்றும்போது இதையே நினைவில் வைத்து, வால்வுப் பக்கத்தில் லிவரைப் போட்டுத் தொடங்குங்கள்.

“மாட்டி அரை மணி நேரம் ஆகல, காத்து இறங்கிடுச்சு”

டியூப் டயரில் இது நேர்ந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு, ஓட்டை நீங்கள் போட்டது. டியூபை வெளியே எடுத்துக் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி எங்கே வருகிறது என்பதைவிட, டியூபின் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதே துப்பு. ஆகவே வெளியே எடுக்கும்போதே டயரின் எந்த இடத்தில் வால்வு இருந்தது என்று சாக்பீஸ் கோடு போட்டுவிடுங்கள். ஓட்டையை டயரோடு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

பீடிங்கை ஒட்டிய ஓரத்தில், கத்திரியால் கீறியது போல் அரை சென்டிமீட்டர் நீளப் பிளவு, சில சமயம் அருகருகே இரண்டு: லிவர் கடித்தது. லிவர் நுனிக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் சிக்கியிருக்கிறது. லிவரை ஆழமாக நுழைத்திருப்பீர்கள், அல்லது நெட்டுக்குத்து நிலையையும் தாண்டி மடக்கியிருப்பீர்கள். அதற்கு மருந்து, டியூபை நுழைக்கும் முன் வாயால் ஊதும் அளவுக்குக் கொஞ்சம் காற்று விடுவது. டியூப் வட்டமாக நிற்க வேண்டும், புடைக்கக் கூடாது. தட்டையான டியூப் மடிந்து லிவரின் வழியில் வந்து நிற்கும். அதிகம் ஊதிய டியூபும் அதேபோல் வந்து நிற்கும். மேலே டால்கம் பவுடரை லேசாகப் பூசினால் டயருக்குள் ஒட்டாமல் நழுவி இடம்பிடிக்கும்.

உள்வட்டத்தில், ரிம்மைப் பார்க்கும் பக்கத்தில் ஊசிமுனை ஓட்டை: ஸ்போக். ரிம் டேப் விலகியிருக்கிறது, அல்லது ஸ்போக் முனை நிப்பிளுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கிறது. விரலால் அல்ல, துணியால் ரிம்மின் உட்புறத்தைத் துடைத்துக்கொண்டே வாருங்கள். துணி சிக்கும் இடத்தை அரத்தால் தேய்த்துவிட்டு, ரப்பர் ரிம் டேப்பைப் புதிதாகப் போடுங்கள். அதன் விலை சொற்பம். எலெக்ட்ரிக்கல் டேப்பைச் சுற்றுவது பலருடைய வழக்கம். வெயில் சூட்டில் அதன் பசை இளகி டேப் ஒருபக்கமாக ஒதுங்கிவிடும்.

வெளிவட்டத்தில், ரோட்டைப் பார்க்கும் பக்கத்தில் ஓட்டை: முள்ளோ கம்பியோ இன்னும் டயரிலேயே இருக்கிறது. பழைய டயரை மறுபடி மாட்டுபவர்கள் இதில் மாட்டுவார்கள். வேலிக்கருவை முள் வெளியே ஒடிந்து, உள்பக்கம் ஒரு மில்லிமீட்டர் மட்டும் எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கும். டயரின் உட்புறத்தை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, துணியால் துடைத்து, பிடுங்கிய பிறகே டியூப்.

வால்வின் அடியில் கிழிசல்: டயர் ரிம்மில் நகர்ந்திருக்கிறது, அதோடு டியூபும் இழுபட்டிருக்கிறது. வால்வு சாய்ந்து நின்றாலே அது முன்னெச்சரிக்கை. காற்றை இறக்கி, பீடிங்கை விடுவித்து, டயரையும் டியூபையும் சேர்த்து வால்வு நேராகும்வரை திருப்புங்கள். வால்வின்மேல் வரும் சின்ன நட்டை ரிம்மோடு ஸ்பேனர் போட்டு இறுக்குவது வழக்கமாகிவிட்டது. அப்படி இறுக்கினால் டியூப் நகரும்போது வால்வு நகராது, அடியோடு அறும். அந்த நட்டை மேலே ஏற்றி வால்வு மூடியோடு சேர்த்து வையுங்கள். வால்வு சாய்ந்தால் கண்ணுக்குத் தெரியும்.

ஒட்டுப்போட்ட டியூபைப் புது டயருக்குள் போடலாமா என்றால், அவசரத்துக்குப் போடலாம். ஆனால் ஓடிய டியூப் ஏற்கெனவே விரிந்திருக்கும், புது டயருக்குள் மடிப்பு விழும், மடிப்பு விழுந்த இடத்தில் தேயும். 2.75-18க்கு ‘2.75/3.00-18’ என்று அச்சிட்ட டியூப் பொருந்தும்.

லிவர் வேலை முடிந்ததும், காற்றடிப்பதற்கு முன், வால்வை உள்ளே ஒரு விரற்கடை தள்ளி விடுங்கள். பீடிங்குக்கு அடியில் டியூப் சிக்கியிருந்தால் விடுபடும். சுற்றிலும் பக்கச்சுவரை விலக்கி, பீடிங்குக்கும் ரிம்முக்கும் நடுவே கறுப்பாக டியூப் எட்டிப்பார்க்கிறதா என்று ஒரு சுற்றுப் பாருங்கள். பிறகு காற்று நிரப்பி, முழுதும் இறக்கி, மறுபடி நிரப்புங்கள். முதல் தடவையில் விழுந்த மடிப்பு இரண்டாம் தடவையில் விரிந்துவிடும். அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் விட்டவர்கள் மறுநாள் டியூபை வெளியே எடுப்பார்கள்.

“டியூப்லெஸ்ல எவ்வளவு அடிச்சாலும் காத்து நிக்கல”

டயரின் இரண்டு பீடிங்கும் ரிம் ஓரத்தைத் தொட்டால்தான் உள்ளே காற்று சேரும். தொடாதவரை அடிக்கும் காற்றெல்லாம் பக்கவாட்டில் போய்விடும். கால் பம்ப்பால் இது ஆகாது: ஒரு மிதிக்கு வரும் காற்று, கசிவதைவிடக் குறைவு. பேட்டரியில் ஓடும் சின்ன இன்ஃப்ளேட்டரும் பெரும்பாலும் தோற்கும்.

முதலில் வால்வு பின்னைக் கழற்றிவிட்டு அடியுங்கள், காற்று வேகமாகப் பாயும். பீடிங்கில் சோப்பு தாராளமாக இருக்கட்டும். டயரின் பட்டன் (ரோட்டைத் தொடும் பகுதி) நடுவே வட்டமாக ஒரு கயிற்றைக் கட்டி, அதற்குள் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். நடுப்பகுதி அமுங்க, பக்கச்சுவர் இரண்டும் வெளியே பிதுங்கி ரிம்மைத் தொடும். காற்று பிடித்து 5 பி.எஸ்.ஐ. ஏறியதும் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், முழுக்காற்றில் அது அறுந்து முகத்தில் அடிக்கும். கடையில் அடுக்கி வைத்திருந்த டயர் தட்டையாக அமுங்கியிருந்தால், முந்தின இரவே இரண்டு பீடிங்குக்கும் நடுவே நான்கு மரத்துண்டுகளைச் செருகி வையுங்கள்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் சக்கரத்தை மட்டும் இன்னொரு வண்டியில் வைத்து, டேங்க் கம்ப்ரெஸர் உள்ள பஞ்சர் கடைக்குக் கொண்டுபோங்கள். பத்து நொடி வேலை, அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. பெட்ரோலைத் தெளித்துத் தீ வைத்து டயரை உட்காரவைக்கும் வித்தையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்பக்கம் காற்றைப் பிடித்து வைக்கும் மெல்லிய ரப்பர் பூச்சு வெந்துபோகும். டயர் வெடித்தால் வேகப்போவது வேறு.

“காத்து நிக்குது, ஆனா டயர் ஒரு இடத்துல குழிஞ்சிருக்கு”

பக்கச்சுவரில், ரிம் விளிம்புக்குச் சற்று மேலே, சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு புடைத்திருக்கும். அது அலங்காரம் இல்லை. பீடிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று காட்டவே போட்டது. சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, கோட்டுக்கும் ரிம்முக்கும் இடையே உள்ள இடைவெளியை விரல் நகத்தால் தொட்டுக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் மறைந்தால் அங்கே பீடிங் பள்ளத்திலிருந்து மேலே ஏறவில்லை. அப்படியே ஓட்டினால் 40 கி.மீ. வேகத்திலேயே வண்டி குதிரை போல் தத்தும். ஸ்போக் வளைந்துவிட்டது, பேரிங் போய்விட்டது என்று காசைச் செலவழிக்கத் தோன்றும்.

இதற்குக் காற்றை ஏற்றிக்கொண்டே போவது வைத்தியம் இல்லை. 40 பி.எஸ்.ஐ.க்குள் பீடிங் உட்கார வேண்டும். பக்கச்சுவரில் வேறு உச்ச அளவு அச்சிட்டிருந்தால் அதைத் தாண்டக் கூடாது. உட்காராவிட்டால் காற்றை முழுதும் இறக்கி, குழிந்த இடத்தில் பீடிங்கை மறுபடி பள்ளத்துக்குள் தள்ளி, அங்கே சோப்புத் தண்ணீர் விட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டு மூன்று தடவை ஆகலாம். டியூப்லெஸ்ஸில் பட், பட் என்று இரண்டு சத்தம் கேட்கும், பக்கத்துக்கு ஒன்று. அப்போது விரல் பீடிங் பக்கத்திலோ முகம் சக்கரத்தின் நேரேயோ இருக்கக் கூடாது. நீளமான ஹோஸ் வைத்து ஒதுங்கி நின்று அடியுங்கள்.

உட்கார்ந்த பிறகு ஓட்டும் அளவுக்கு இறக்க மறந்துவிடாதீர்கள். 150 சிசி வண்டிகள் பலவற்றில் முன்னால் 25, பின்னால் தனியாக ஓட்டினால் 28, இருவர் என்றால் 32 என்ற கணக்கில் இருக்கும். உங்கள் வண்டிக்கு உரியது செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். பக்கச்சுவரில் இருக்கும் பெரிய எண் டயரின் உச்ச வரம்பு, ஓட்டும் அளவு அல்ல.

“டியூப்லெஸ்ல தினமும் ரெண்டு மூணு பி.எஸ்.ஐ. குறையுது”

சோப்பு நுரையை மூன்று இடத்தில் தடவுங்கள். வால்வின் வாய்: குமிழி வந்தால் பின்னை இறுக்குங்கள், நிற்கவில்லை என்றால் புதுப் பின். வால்வின் அடி: வால்வை இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள், ரப்பரில் வெடிப்பு தெரிந்தால் வால்வே மாற்ற வேண்டும். அதற்கு டயரை மறுபடி இறக்க வேண்டும் என்பதால்தான், டயர் மாற்றும்போதே ரப்பர் வால்வையும் மாற்றிவிடுங்கள் என்று சொல்வது. மூன்றாவது பீடிங் ஓரம். அலாய் ரிம்மில் பழைய டயரின் ரப்பர் துணுக்கும் வெள்ளைப் பூப்பும் ஒட்டியிருக்கும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் சோப்புப் போட்டுத் தேய்த்தாலே போதும். முரட்டு உப்புத்தாளால் தேய்த்தால் கீறல் விழும், கீறல் வழியே காற்று போகும். ரோட்டுப் பள்ளத்தில் இடித்து ரிம் விளிம்பு நசுங்கியிருந்தால் வீட்டில் சூடுகாட்டித் தட்ட வேண்டாம். விரிசல் தெரிந்தால் அந்த ரிம் பழைய இரும்புக் கடைக்கு.

“சக்கரம் மாட்டினேன், சுத்தல” அல்லது “கடகடன்னு சத்தம்”

ஸ்பேசரை இடம்மாற்றிப் போட்டிருப்பதுதான் முதல் சந்தேகம். ஒரு பக்க ஸ்பேசர் மற்றதைவிட நீளம். மாறினால் சக்கரம் ஒருபக்கம் ஒதுங்கி ஸ்ப்ராக்கெட்டோ பிரேக் பேனலோ உரசும். ஆக்சிலை இறுக்கும்வரை சுற்றி, இறுக்கியதும் நின்றுவிட்டால் இதுவேதான். ஹப்புக்குள்ளிருந்து கப்ளிங் ரப்பர் ஒன்று எழும்பி நின்றாலும் ஸ்ப்ராக்கெட் முழுதாக உள்ளே போகாது. சக்கரத்தை மறுபடி எடுத்து ரப்பரை விரலால் அமுக்கி உட்காரவைக்க வேண்டும்.

முன்சக்கரத்தில் ஸ்பீடோ மீட்டர் ஓடவில்லை என்றால், மீட்டர் கியரின் காது இரண்டும் ஹப்பில் உள்ள வெட்டுக்குள் உட்காரவில்லை. அப்படியே ஆக்சிலை இறுக்கினால் காது மடங்கிவிடும். டிஸ்க் பிரேக் வண்டியில் சக்கரம் இல்லாதபோது யாராவது பிரேக் லிவரை அழுத்திவிட்டால் பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், டிஸ்க் உள்ளே நுழையாது. தட்டையான மரத்துண்டால் மெதுவாக விரியுங்கள். மேலே உள்ள டப்பாவில் பிரேக் ஆயில் வழிந்தால் பெயின்டைத் தின்றுவிடும், துணி வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைக் கழற்றியதுமே பேட்களுக்கு நடுவே அட்டையை மடித்துச் செருகியிருந்தால் இந்த வேலையே இல்லை.

“பிரேக் முன்ன மாதிரி இல்ல”

இதை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். டிரம் பிரேக் உள்ள முன்சக்கரத்தில், ஃபோர்க்கில் உள்ள கட்டை பிரேக் பேனலின் பள்ளத்துக்குள் நுழைந்திருக்க வேண்டும். நுழையாவிட்டால் பிரேக் பிடித்த மாத்திரத்தில் பேனலே சக்கரத்தோடு சுற்றி, கேபிளை முறுக்கி, சக்கரத்தை நிறுத்திவிடும். பின்சக்கரத்தில் அதே வேலையை டார்க் ராடு செய்கிறது. அதன் நட்டும் காட்டர் பின்னும் போட்டாயிற்றா என்று கண்ணால் பார்த்து, கையால் தொட்டுப் பாருங்கள்.

டிரம்மில் பிரேக் மிதி ஸ்பாஞ்சு போல் இருந்தால், ஆக்சில் நட்டைத் தளர்த்தி, மிதியை அழுத்திப் பிடித்தபடியே மறுபடி இறுக்குங்கள். ஷூ டிரம்மோடு நடுவில் பொருந்தும். டிஸ்க்கில் வண்டியை நகர்த்தும் முன்பே பிரேக் லிவர் கெட்டியாகும்வரை அடித்துவிடுங்கள். வீட்டு வாசலிலேயே முதல் பிரேக் காலியாகப் போய்க் கேட்டில் மோதியவர்கள் உண்டு. டிஸ்க்கில் சோப்போ கிரீஸ் கையோ பட்டிருந்தால் பிரேக் கிளீனர் தெளித்துத் துடையுங்கள்.

“ஒரு பக்கம் இழுக்குது” / “60க்கு மேல ஹேண்டில் நடுங்குது”

இழுப்பது என்றால் பின்சக்கரம் கோணலாக நிற்கிறது. ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை இரு பக்கமும் ஒப்பிடுங்கள். அந்தக் கோடுகளே எல்லா வண்டியிலும் துல்லியம் என்று சொல்ல முடியாது. ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் நடுவிலிருந்து ஆக்சில் நடுவரை இரு பக்கமும் டேப் வைத்து அளந்தால் பொய் சொல்லாது. கூடவே செயின் தளர்வையும் பாருங்கள். கம்யூட்டர் வண்டிகளில் கீழ்ச்செயினின் நடுவே மேலும் கீழுமாக 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் இருந்தால் சரி. சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில் அளக்க வேண்டும்.

நடுங்குவது என்றால் மறுபடி அந்தப் பக்கச்சுவர்க் கோட்டைப் பாருங்கள், பாதிக்குமேல் அங்கேயே முடிந்துவிடும். அது சரியென்றால் பேலன்ஸ். சில டயர்களில் மஞ்சள் புள்ளி ஒன்று இருக்கும். டயரின் எடை குறைந்த இடம் அது. எடை கூடிய வால்வுக்கு நேரே அது வர வேண்டும். சக்கரத்தை ஆக்சிலில் கோத்து இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே தொங்கவிட்டு மெல்லத் தள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடம் கீழே வந்து நின்றால் அது கனமான பக்கம். அதற்கு எதிரே 5 கிராம் எடையை ஒட்டி, எங்கேயும் நிற்கும்வரை கூட்டிக் குறையுங்கள். நகருக்குள் 50இல் போகும் 100 சிசி வண்டிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

“புது டயர், ஆனா வழுக்குது”

பழுதில்லை. வார்ப்பிலிருந்து வந்த மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும், உங்கள் சோப்பு மிச்சமும் இருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, முதல் 150 கி.மீ. வளைவில் சாய்க்காமல், பிரேக்கை மெதுவாகப் பிடித்து ஓட்டுங்கள். பட்டன் ஓரத்தில் உள்ள ரப்பர் முடிகள் தேய்ந்து, நடுவில் பளபளப்பு போய் மங்கியதும் பிடிப்பு வந்துவிடும். மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை ஒருமுறை அளந்து, ஆக்சில் நட்டில் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.